பொங்கல் தொட்ட கை

பரந்தன் சந்தியில் இராசமலரின் தேத்தண்ணிக் கடையைத் தெரியாத லொறிக்காரன் அந்தக் காலத்தில் இல்லை. ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றி வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். புருசன் மலேரியாவில் போனபிறகு கடையைத் தனியாகவே நடத்தினாள். வாய் பொல்லாதது. அடுத்த கொட்டிலில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு அவளுடைய ஏச்சைக் கேட்டுத்தான் பொழுது விடியும்.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. நல்ல பெயர் முழுவதையும் சிற்றம்பலம் எடுத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலோரம் நல்ல வயல், நெற்றி நிறைய விபூதி, பிள்ளையார் கோயிலுக்கு அவரே தர்மகர்த்தா. அவர் வீட்டில் செல்லாயி என்றொரு பிள்ளை வேலைக்கு நின்றது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தரகன் கொண்டுவந்து விட்டது. ஒன்பது வயது இருக்கும்.

"எங்கடை பிள்ளை மாதிரித்தான் வளக்கிறம்" என்பார் சிற்றம்பலத்தின் மனைவி கமலாசனி. அவாவின் சொந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். செல்லாயி மாட்டுச் சாணம் அள்ளியது, குசினியில் அடுப்பு மூலையில் சாக்கை விரித்துப் படுத்தது. நல்ல வளர்ப்புத்தான்!

இரண்டு தரம் அந்தப் பிள்ளை பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடிவந்தது. இரண்டு தரமும் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், கட்டறுத்துக்கொண்டு வந்த கன்றைப் பிடித்துக் கொடுக்கிற மாதிரி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். ஏன் ஓடி வந்தாய் என்று ஒருவன் கேட்டிருப்பானா? ஒப்படைத்துவிட்டு அந்த வீட்டு மோரையும் குடித்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் தரம் பிள்ளை பஸ் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. பின்பக்கத்தால் இராசமலரின் கடைக்குள் நுழைந்தது. அவள் ஒன்றும் கேளாமல் இடியப்பத்தைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டது.

"சோத்துக் கையாலை சாப்பிடடி!" என்று அதட்டினாள்.

பிள்ளை வலக்கையை விரித்துக் காட்டியது. உள்ளங்கை வெந்து, தோல் உரிந்து, சீழ் பிடித்திருந்தது.

"கோயில் பொங்கல்ல ஒரு வாய் வழிச்சுத் தின்னுட்டேன், அக்கா. பசிச்சிச்சு. வீட்டம்மா கரண்டியக் காய்ச்சிக் கையில வச்சுட்டாங்க. எங்க ஆத்தாகிட்ட போகணும்."

சாமிக்குப் படைக்குமுன் சமைக்கிறவளே ருசி பார்ப்பதில்லை. அது எங்கள் வழக்கம்தான். அதற்காகப் பசித்த பிள்ளையின் கையைச் சுடுவதா? சீ! மனிசச் சாதியா இதுகள்?

இராசமலர் மருந்து கட்டிவிட்டு நேரே பொலிசுக்குப் போனாள். பிள்ளையைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டாள். சில நாளில், பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த உத்தியோகத்தர் வந்தார். முதலில் சிற்றம்பலத்தின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பிறகு வெற்றிலை வாயோடு கடைக்கு வந்தார்.

"அடுப்படியிலை நிக்கிற பிள்ளைக்குச் சூடு படுறது சகசம்" என்றார். "லொறிக்காரர் வந்துபோற இடத்திலை ஒரு பெட்டைப் பிள்ளையை விட ஏலாது. தர்மகர்த்தா வீடுதான் பாதுகாப்பு. திங்கட்கிழமை நானே வந்து கொண்டுபோய் விடுறன்."

இராசமலர் அவருடைய சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் காறித் துப்பினாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஊர்ச்சனம் கண்ணாலை பாக்கட்டும். பாத்தாப் பிறகும் அனுப்புவினமோ?" என்றாள் என்னிடம். பூசை முடிந்து ஐயர் விபூதி கொடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளை இடக்கையை நீட்டியது.

"வலக்கையை நீட்டு, பிள்ளை" என்றார் ஐயர்.

நீட்டியது. ஐயர் திடுக்கிட்டு, "என்னடி இது?" என்று கேட்டார். இராசமலர் அதன் தோளைத் தொட்டு, "பயப்பிடாமல் சொல்லு" என்றாள். பிள்ளை எல்லாருக்கும் கேட்கச் சொன்னது.

"எந்தப் பொங்கல்?"

"அம்மா கோயிலுக்குக் கொண்டாந்த பொங்கல் சாமி. வேற பொங்க நேரமில்லைன்னு அதையே கொண்டாந்துட்டாங்க."

ஐயரின் முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் நின்ற சிற்றம்பலத்திடமும் கமலாசனியிடமும் திரும்பினார். "ஐயோ, எச்சில் பொங்கலையோ தந்தனீங்கள்? நான் அதைப் பிள்ளையாருக்குப் படைச்சுப்போட்டனே!"

கோயில் கொதித்து எழுந்தது. சிற்றம்பலத்தை அடிக்காத குறை. "கோயிலைத் தீட்டாக்கிப்போட்டாய்!" என்று கத்தினார்கள். தர்மகர்த்தா வேலை அன்றைக்கே போயிற்று. அந்த மூதேசிப் பெட்டை இனி என் வாசலே மிதிக்கக்கூடாது என்று கமலாசனி தலையிலடித்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வந்த உத்தியோகத்தர் ஊரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தாயிடம் அனுப்பச் சம்மதித்தார். இராசமலர் தானே ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டு வந்தாள்.

கோயிலைச் சுத்தம் செய்ய ஊர் முழுவதும் கூடி மூன்று நாள் கிரியை செய்தது. அந்தக் கையைப் பற்றி ஒரு நாயும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், எச்சில் பொங்கல் கதை எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த மாதம் சிற்றம்பலத்தின் முற்றத்தை இன்னொரு பிள்ளை கூட்டிக்கொண்டு நின்றது. இது செல்லாயியைவிடச் சின்னது.

அன்று தொடங்கி இராசமலர் தினமும் காலையில் அடுப்பை மூட்டிவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டு, சிற்றம்பலத்தின் படலை வாசலில் போய் நின்றாள். கமலாசனி உள்ளேயிருந்து ஏசுவார். இவள் காதில் வாங்கமாட்டாள். தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள்:

"பிள்ளை, இஞ்சை வா. ரண்டு கையையும் விரிச்சுக் காட்டு."