மரக்காரி மாற்றிய மரம்

அலுவலகத்தில் அவளுக்கு மரக்காரி என்று பெயர். செடிகொடிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். மேசையில் வைத்த கற்றாழைகூட ஒரு மாதத்தில் கருகிப்போனது. அவள் வளர்த்த மரங்கள் எல்லாம் கணினிக்குள்ளேதான் இருந்தன.

மருத்துவமனை ஸ்கேன் அறைகளுக்கான கணினிகளுக்கு இயங்குதளம் எழுதும் சின்ன நிறுவனம் அது. சேமிப்பு வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, அடுத்தமுறை தேடிக்கொண்டிருக்காமல், பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் கேஷ். கேட்ட பக்கம் எங்கே இருக்கிறது என்று உடனே காட்ட, கிளை கிளையாகப் பிரியும் ஒரு அட்டவணை வேண்டும்; அதை மரம் என்பார்கள். எந்த வகை மரம் என்பதை ஏழு வருடங்களுக்கு முன் முடிவு செய்தவள் அவள்தான்.

கிளைக்கு இரண்டாகப் பிரிந்து, ஒருபக்கம் கனத்தால் தன்னையே திருப்பிச் சமன் செய்துகொள்ளும் மரம் அது. சின்னக் கோப்புகளுக்குப் போதுமாயிருந்தது. பிறகு புதிய ஸ்கேன் கருவிகள் வந்தன. ஒரே கோப்பில் பத்து லட்சம் பக்கங்கள். ஒன்றைத் தேட இருபது படி இறங்க வேண்டும். அதுவாவது பரவாயில்லை. மரம் தன்னைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் பூட்டிவிட வேண்டும். படிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் நிற்க வேண்டும்.

அவளுடைய தங்கை ஒரு மருத்துவமனையில் அதே கணினியில் நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தாள்.

"அக்கா, திரை மறுபடி உறைஞ்சுபோச்சு. நாப்பது செகண்டு. அடிபட்ட ஆள் உள்ள படுத்திருக்காரு, டாக்டர் என்னையே பாக்கறாரு. நான் யாரைப் பாக்கறது?"

ஆறு வாரம் உட்கார்ந்து மரத்தையே மாற்றினாள். புதியது கிளைக்கு அறுபத்துநான்காகப் பிரிவது. பத்து லட்சம் பக்கங்களுக்கு நாலே படி. திருப்புதல் கிடையாது, படிப்பவர்களுக்குப் பூட்டும் கிடையாது. திங்கட்கிழமை பதினொரு மருத்துவமனைகளுக்குப் போனது. "பறக்குதுக்கா" என்றாள் தங்கை. பல மாதங்களுக்குப் பிறகு மரக்காரி பசித்துச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் தங்கையின் குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, ஒரு வயசான அம்மா. வாயில ஒத்தப் பல்லு கிடையாது. ஆனா நடுவுல ஒரு படத்துல மட்டும் பல்லும் இருக்கு, பல்லுல கம்பியும் இருக்கு."

"மறுபடி திறந்து பாரு."

"பாத்தேன். இப்ப சரியா இருக்கு. பல்லு போனா சொல்லு போகும்பாங்க, போன பல்லு எப்படிக்கா திரும்பி வரும்?"

இருவருமே சிரிக்கவில்லை.

மரக்காரி தான் எழுதிய நிரலைத் திறந்தாள். தப்பு நடந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூட்டு இல்லாத மரத்தில் ஒரு பக்கத்தைக் கண்டதற்கும் அதைக் கையில் பிடிப்பதற்கும் நடுவே, அந்தப் பக்கத்தைக் காலி செய்து வேறு கோப்புக்குக் கொடுத்திருக்கலாம். ஆகவே பிடித்தபின் இன்னொரு முறை மரத்தைப் பார்த்து, அதே பக்கம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். நிரல் பக்கத்தைத் தேடிப்போகும் இரண்டு வழிகளில் ஒன்றில் அதை எழுதியிருந்தாள். மற்றதில் எழுதாமல் விட்டிருந்தாள். இரண்டே வரி.

மேலாளரிடம் ஓடினாள்.

"ரெண்டு வரிதானே? சத்தமில்லாம சேத்து அனுப்பிடலாம்" என்றார் அவர்.

"இந்த மூணு நாள்ல யாரோட படத்துல யாரோட மண்டை வந்துதுன்னு தெரியாது சார்."

"வந்துதுன்னு நிரூபிக்க முடியுமா?"

"முடியாதுங்கறதுதான் சார் பயமே."

அவர் பதில் சொல்வதற்குள் தன் இடத்துக்கு வந்து, பதினொரு மருத்துவமனைகளுக்கும் தானே போன் செய்தாள். பழைய மரத்துக்கே திரும்பிவிடுங்கள், மெதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வட்டில் இருக்கும் படங்கள் சரியானவை. திங்கள் முதல் பார்த்த அத்தனையையும் திரும்பப் பாருங்கள். ஏழாவது இடத்தில் ஒரு டாக்டர், "நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?" என்று கத்தினார். புரிகிறது என்றாள். எட்டாவது எண்ணை அழுத்த விரல் மறுத்தது. இடது கையால் அழுத்தினாள்.

நானூற்றுச் சொச்சம் ஸ்கேன்களில் ஒன்றின் முடிவு மட்டும் முதலில் சொன்னதோடு ஒத்துவரவில்லை. சுவருக்குக் கல் பதிக்கும் தொழிலாளி. சாரத்திலிருந்து விழுந்தவர். கடுகளவு ரத்தக்கசிவு தெரிய வேண்டிய ஒரே படத்தில் வேறு யாருடையதோ வந்திருக்க வேண்டும். செவ்வாயன்றே, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆம்புலன்ஸ் அவர் வீட்டை அடைந்தபோது வலது கை செயலிழந்து விழுந்திருந்தது.

உயிர் பிழைத்தார். மரக்காரி அந்த இரண்டு வரிகளையும் எழுதினாள். இரண்டு மாதச் சோதனைக்குப் பிறகு புதிய மரம் மறுபடி போனது. அதற்குப் பிறகு திரை உறையவும் இல்லை, படம் மாறவும் இல்லை. மேலாளர் அவளை வேறு வேலைக்கு மாற்றினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

சோதனை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு பிற்பகல், தங்கையிடம்கூடச் சொல்லாமல், அந்தத் தொழிலாளியின் வார்டுக்குப் போனாள். அவர் மனைவி அவருக்கு இடது கையில் தம்ளரைப் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. அந்தப் படம் மாறிப்போனது என்னோட தப்பு. நான் எழுதுன கம்ப்யூட்டர் வேலை."

அந்தப் பெண் தம்ளரைக் கணவர் கையிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"கை வருமா?"

"தெரியலம்மா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

 தம்ளர் சரிந்து கீழே விழ, தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. மனைவி துடைக்கத் துணி தேடினாள். மரக்காரி கீழே கிடந்த தம்ளரை எடுத்து, கழுவுவதற்காக வராந்தாக் குழாயைத் தேடிப் போனாள்.