தவக்கால வெள்ளியில் ஒரு கறிக்குழம்பு

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தா வெள்ளிக்கிழமை எங்க வீட்ல கறி கிடையாது. சாம்பாரைப் பார்த்ததும் எல்லார் முகமும் உர்ருன்னு ஆயிடும்.

இன்னிக்கு விடறதில்லைன்னு, ஆபீஸ் போறதுக்கு முன்னாடியே காஞ்ச மொச்சையை ஊறப்போட்டேன். சாயந்திரம் வந்து குக்கர்ல வேகவெச்சு, மட்டன் குழம்புக்கு அரைக்கிற அத்தனையும் அரைச்சு ஊத்தினேன். சோம்பு, பட்டை, கிராம்பு, தேங்கா, சின்ன வெங்காயம். மட்டன் மட்டும்தான் இல்ல.

சரியா கொதி வர்ற நேரம், சாந்தோம் கோயில்ல சிலுவைப்பாதை ஜெபம் முடிச்சுட்டு மாமனார் வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். குழம்பு வாசனை பிடிச்சு வாசல்லயே நின்னுட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா?"

நேரா ரூமுக்குப் போய் உக்காந்துட்டார். வீட்டுக்காரர் வந்து, "அப்பா மோர் மட்டும் போதும்னு சொல்றார், என்ன பண்ணி வெச்சிருக்க?"ன்னார்.

குழம்புச் சட்டியைத் தூக்கிட்டுப் போய் மாமா முன்னாடி வெச்சு, கரண்டியைக் கையில குடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு அடிவரைக்கும் கிண்டிப் பார்த்தார். எலும்பு தேடினார்னு நினைக்கிறேன்.

அப்புறம் மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது தீர்ப்பு வந்தது: "தவக்காலத்துல இவ்வளவு ருசியா சாப்பிடறதும் பாவந்தாம்மா."

ரெண்டடி போய் திரும்பினார். "காலைல தோசைக்குக் கொஞ்சம் எடுத்து வை."

பாவமா இல்லையான்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. டப்பாவுல இன்னும் மொச்சை இருக்கு, தவக்காலத்துல வெள்ளிக்கிழமையும் இருக்கு.