எட்டுக் கம்பியும் மோதிர விரலும்

என் தம்பி மனைவி சோபாவுக்கு மெத்தை கட்டுகிறவள். அவள் பட்டையை இழுத்து ஆணி அடித்த சோபாவில் எத்தனை வருஷம் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் பள்ளம் விழாது. விழுந்தால் அது உங்கள் உடம்பின் குற்றம் என்பாள், அதுவும் முகத்துக்கு நேராக. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். அடுத்த சோபாவையும் அவளிடமே கொண்டுவருவார்கள்.

இது பகல் பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவர்கள் கீழ் வீடு, நான் மாடி வீடு. அவள் அடிக்கம்பியைத் தட்டினால் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். நாத்தனார் என்று ஒரு பதவி இருக்கிறதே, அதற்கு மரியாதை செய்வதற்காக ஒன்றிரண்டு தடவை தரையைத் தட்டியிருக்கிறேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக வாசித்தாள்.

சாதாரண மின்கிதாருக்கு ஆறு கம்பி. இவளுடையதற்கு எட்டு. கூடுதலான இரண்டும் அடித்தொண்டைக்காரர்கள். எட்டும் சேர்ந்த கட்டாகவே கடையில் கிடைக்கும், ஆனால் அவள் அதை வாங்க மாட்டாள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனி உறையில், கனம் அச்சடித்து விற்பார்கள். அதில் ஒன்றொன்றாகப் பொறுக்குவாள். மாப்பிள்ளை பார்ப்பதற்குக்கூட அவள் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. என் தம்பியை ஒரே பார்வையில் சரி என்றவள்தானே.

ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "எல்லாம் கம்பிதானே, அதுல என்ன இவ்ளோ ஆராய்ச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"மெலிசுக் கம்பியில சுருதியை அவ்ளோ கீழ இறக்கினா தொளதொளன்னு ஆயிடும் அண்ணி, துணி காயப்போடுற கொடி மாதிரி. பலமா அடிச்சா சுருதியும் எகிறும். தடிசா போட்டா விறைப்பா நிக்கும், ஆனா அழுத்துற விரலுக்கு வேலை ஜாஸ்தி. ரெண்டுக்கும் நடுவுல நம்ம கைக்கு எது ஒத்துவருதோ அதைக் கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு கம்பிக்கும் தனியா."

அவளுடைய அடிக்கம்பியின் கனம் எண்பது. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எண்பது பங்கு என்று அர்த்தமாம். தொட்டுப் பார்த்தால் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி இருக்கும். அந்த எண்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் உயரத்துக்கும் உள்ளங்கை அளவுக்கும் அது கொஞ்சம் அதிகப்படியான கர்வம்தான், ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

அவர்கள் குழுவில் மூன்று பேர். டிரம்ஸ் ஒரு பல் டாக்டரம்மா. பகலெல்லாம் குடைந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து இடிப்பார். பேஸ் என்கிற அடிச்சுருதிக் கிதார் வாசிப்பவர் பஸ் டிரைவர், பேசவே மாட்டார். டயர் கிடங்கின் அடித்தளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பல வருஷம் வாசித்த பாட்டுகளை ஒருவழியாக ஒலிப்பதிவு செய்வது என்று தேதியும் வாங்கிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் கத்தி சறுக்கியது.

பழைய சோபாவின் பட்டையை அறுத்துக்கொண்டிருந்தாளாம். இடது கை மோதிர விரலில் உள்ளங்கைப் பக்கம் தசைநார் அறுந்துவிட்டது. கிதாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்துகிற கை அது. தைத்துவிட்ட டாக்டர், விரல் மடங்கும், ஆனால் பழைய பலம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்ததும் கிதாரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சோபா வேலைக்கு எப்படியாவது போய்விடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த எட்டுக் கம்பி இல்லாமல் அவள் எப்படி இருப்பாள் என்றுதான் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

குழுவிலிருந்து டாக்டரம்மா வந்து, தேதியைத் தள்ளிப் போட்டாயிற்று, கை சரியானதும் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டுப் பிரித்து, களிமண் மாதிரி ஒரு உருண்டையைப் பிசையப் பழகி, மாதங்கள் போய், ஒருநாள் கிதாரை எடுத்தாள். ஒரு பாட்டு முடிவதற்குள் விரல் துவண்டுவிட்டது. கீழே வைத்துவிட்டாள்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் வேலை. குரலை உயர்த்தத் தெரியாது. இருமல் மருந்து வாங்க வருகிறவரிடம் குடும்பக் கதை கேட்டு உட்கார்ந்திருப்பான். அவளுக்குக் கம்பியை இறுக்குகிற முறுக்காணியைத் திருகினாலே விரல் வலிக்கிறது என்று, புதுக் கம்பி மாட்டுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டான். மாட்டி, சுருதி சேர்த்து, துடைத்து மடியில் வைப்பான். அதற்குப் பிறகு அவளுக்கு விரல் மெல்ல மெல்லத் தேறியது. முதலில் ஒரு பாட்டு, பிறகு இரண்டு, பிறகு ஒரு மணி நேரம்.

உண்மையில் நடந்தது எனக்கே பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், மர்மக்கதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அவன் கம்பியின் கனத்தை ஒரு படி குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். சில மருந்துகளை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உடம்புக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் அல்லவா, அந்த முறைதான். அதிகக் கனம் உள்ளது அடிக்கம்பி, ஆகவே அதில் அதிகம் குறைத்தான். எண்பது எழுபத்தாறாகி, எழுபத்து மூன்றாகி, எழுபதில் வந்து நின்றது. உறைகளை மருந்துக் கடைக் குப்பைக்கூடையிலேயே போட்டுவிட்டு வருவானாம்.

இவ்வளவு தேர்ந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். பல மாதம் தொடாத கை. வீட்டில் சத்தம் குறைத்து, மெதுவாகத்தான் வாசித்தாள். அதோடு, நமக்கு வேண்டிய செய்தி வந்தால் நாம் யாரும் அதைத் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. விரல் பலம் பெறுகிறது என்ற செய்தி அவளுக்கு வேண்டியிருந்தது. படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது அந்த விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். சின்னப் பிள்ளை விழுந்த பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே டாக்டரம்மாவுக்கு போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், தேதி வாங்கிவிடுங்கள் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கீழ் வீட்டில் இருந்தேன். போன சுருக்கில் திரும்பி வந்தாள். கிதாரை உறையிலிருந்து எடுத்து சோபாவில் கிடத்தினாள். தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"அடிக்கம்பி என்ன கனம் போட்டிருக்கே?" என்றாள். அவர்களுக்குள் நீ, வா, போதான்.

என் தம்பிக்குப் பொய் வராது. "எழுபது."

"மத்ததெல்லாம்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

குழுவோடு சேர்ந்து ஓங்கி அடித்ததுமே குட்டு வெளிப்பட்டிருக்கிறது. சுருதி எகிறி, கம்பி பலகையில் பட்டுத் தடதடத்து, பேஸோடு சேராமல் தனியாக அலைந்திருக்கிறது. பேசாத டிரைவரே வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். அவள் கிதார் உறையில் கிடந்த பழைய எண்பதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

இப்போது இடது கையைத் திருப்பி அந்தத் தழும்பைப் பார்த்தாள். "அப்போ என் விரல் சரியாகல," என்றாள்.

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் உள்ளே போய் டாக்டரம்மாவுக்கு போன் போட்டாள். "வேற ஆளைப் பாருங்க டாக்டர்" என்று அவள் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரையும் பார்க்கப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார் என்பது பிறகு தெரிந்தது.

தம்பியை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "டேய், அவ என்ன உன் கடைக்கு வந்த நோயாளியா? நோயாளிக்கே சீட்டைப் பார்த்துத்தான் மருந்து குடுப்பே. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?"

"அவ சிரிச்சா போதும்னு மட்டும்தான்க்கா தோணுச்சு."

திட்டுவதற்கு நான் எடுத்துவைத்திருந்ததில் பாதி அப்படியே நின்றுவிட்டது. அவனைப் பெற்றவளைவிட அதிகம் தூக்கி வளர்த்தவள் நான்.

வாரத்தின் நடுவில் பட்டறைக்குப் போனேன். துணி போடாத ஒரு சோபாவின் எலும்புக்கூட்டில் முழங்காலை ஊன்றி, வலது கையால் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். தூசியில் மூக்கு அடைத்தது. நான் ஒரு பஞ்சு மூட்டையில் உட்கார்ந்தேன்.

"அவன் பண்ணது மடத்தனம். நீ கோபப்படறது நியாயம்தான்," என்று ஆரம்பித்தேன்.

"கோபம் அவன் மேல இல்ல அண்ணி. நடுவுல கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்தேன் பாருங்க, அது மேலதான்."

இரண்டு ஆணி அடித்தாள். பிறகு, கோபம் இல்லை என்று சொன்னவளுக்குக் கோபம் வந்தது. "அதுலயும் தப்பான கம்பியைக் குறைச்சிருக்கான். அடிக்கம்பியை இந்த விரல் தொடுறதே இல்ல. பாதி நேரம் சும்மா திறந்து அடிப்பேன், மீதி நேரம் ஆள்காட்டி விரல். இந்த விரலுக்கு வேலையே நடுக் கம்பிங்கள்லதான். குறைக்கறதா இருந்தா அதையில்ல குறைக்கணும்?"

"இதை அவன்கிட்ட சொன்னியா?"

"அவன் கேட்டானா?"

"இன்னிக்குக் கேட்பான்," என்று எழுந்தேன். "கேட்காம வீட்டுக்குள்ள வந்தா கதவைச் சாத்து."

அன்று சாயங்காலம் அவன் கேட்டான். எப்படிக் கேட்டான் என்பது தெரியாது, நான் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கினேன். நான் போனபோது மேஜை முழுவதும் கம்பி உறைகள் பரப்பியிருந்தன. அவன் கையில் கம்பி வெட்டும் குறடு. அவள் மடியில் கிதார். அடிக்கம்பியாகப் பழைய எண்பது ஏறியிருந்தது. அவள் அதை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அது கொஞ்சமும் அலையாமல், தரையெல்லாம் பரவி நின்றது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்தது நடுக் கம்பிகள். அவற்றிலும் முதலில் பழைய கனத்தைத்தான் போடச் சொன்னாள். போட்டான். மோதிர விரலை வைத்து அழுத்தினாள். ஒலி பாதியில் செத்துப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள். விரல் நடுங்குவது எனக்கே தெரிந்தது. தம்பி எந்த உறையையும் அவள் பக்கம் நகர்த்தவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் விரலைக் கம்பியிலேயே வைத்திருந்தாள்.

"இறக்கு," என்றாள்.

அவன் கழற்றி ஒரு படி மெலிந்ததைப் போட்டான். அவள் வாசித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"இன்னும் ஒண்ணு."

இப்படியே நடுவிலிருந்த மூன்று கம்பிகளும் அவன் திருட்டுத்தனமாகக் குறைத்ததைவிடக் கீழே போயின. எந்தக் கடையிலும் அப்படி ஒரு கட்டு கிடைக்காது. அடியில் முரடு, நடுவில் பூஞ்சை, மேலே பழையபடி. பார்க்கிறவர்களுக்கு ஒழுங்கே இல்லாத வரிசை. அவள் கைக்கு மட்டும் அது வரிசை. ஒரு பாட்டை முழுசாக வாசித்தாள். வேகமான ஓர் இடத்தில் மட்டும் மோதிர விரல் பின்தங்கியது. மறுபடி அந்த இடத்தை வாசித்தாள். மறுபடியும் பின்தங்கியது. பிறகு அதை வாசிக்கவில்லை.

மேல் கம்பி ஒன்று மட்டும் இன்னும் பழைய கனத்துக்கு மாறவில்லை. அதை மாற்றச் சொல்லி அவனிடம் கிதாரைக் கொடுத்துவிட்டு, போனை எடுத்தாள்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை வரேன். தேதி வாங்கிடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு சொல்லணும். மூணாவது பாட்டுல அந்த வேகமான இடம் இனிமே எனக்கு வராது. இல்ல, பழகினாலும் வராது. அதை பேஸ்காரர் வாசிக்கட்டும்."

அந்த இடம் அவள் கட்டியது. அவளைத் தவிர யாரும் அதை வாசித்து நான் கேட்டதில்லை. சோபாவுக்கு அளவு சொல்வது போலத்தான் சொன்னாள். மறுமுனையில் டாக்டரம்மா என்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

முறுக்காணி திருகும் சத்தம் நின்றுவிட்டதைக் கேட்டு இருவரும் திரும்பினோம். தம்பி கிதாரின் மேல் குனிந்திருந்தான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, மோதிர விரல் உள்ள கையால் அவன் தலையை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"முறுக்குடா. கண்ணீர் பட்டா கம்பி துருப்பிடிக்கும்."