அஞ்சடியில் நான்கு ஆணிகள்

மாசாயில் நான் வாடகைக்கு விடும் வீட்டின் அஞ்சடியில், அதாவது வாசல் தாழ்வாரச் சுவரில், நான்கு ஆணிகள் இருக்கின்றன. போன மாதம் சாயம் அடிக்க வந்தவர் அவற்றைப் பிடுங்கக் குறடை எடுத்தார். நான் போட்ட சத்தத்தில் மனிதர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார்.

இத்தனைக்கும் ஆணி என்றாலே எனக்கு ஆகாது. பதினோரு வருஷம் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் உழைத்து வாங்கிய வீடு அது. யார் காலி செய்தாலும் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தடவி ஆணித் துளைகளை எண்ணுவேன். ஆணிக்கார அக்கா என்று எனக்குப் பெயரே உண்டு.

அங்கே முன்பு குடியிருந்தவளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். உண்மையில் அவள் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள், கணக்கில் புலி. சனிக்கிழமை காலைகளில் எதிர் அடுக்குமாடிப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு, அஞ்சடியில் நான்கு ஆணி அடித்து வெள்ளைப் பலகை மாட்டி, காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தாள். கேட்காமல் ஆணி அடித்ததற்காக அவளை ஒரு பாட்டம் திட்டியும் இருக்கிறேன்.

இரண்டு வருஷ ஒப்பந்தம். பத்தாவது மாதமே வந்து நின்றாள். லாயாங் லாயாங் ஊரில் மாமியார் விழுந்து படுக்கையாகிவிட்டாராம், வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். பாதியில் போனால் முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தைப் பிரித்துக் காட்டினேன். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"டெபாசிட்ட நீங்களே வச்சுக்குங்கக்கா," என்றாள். "பிள்ளைங்களுக்கு எஸ்பிஎம் பரீட்ச முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. சனிக்கிழம காலையில மட்டும் இந்த அஞ்சடிய விட்டுக் குடுங்க. நான் ரயில் ஏறி வந்துடுறேன்."

சரி, வா என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார இடம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

அவள் போனபின் வீடு பார்க்க வந்த குடும்பம், சனிக்கிழமைப் பாடம் என்றதும் முகம் சுளித்தது. நல்ல சம்பளக்காரர்கள்தான்; போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தது. அடுத்து வந்த மருத்துவமனைத் தாதி, பிள்ளைகள் படிப்பதற்கு என்ன தடை என்று கையெழுத்துப் போட்டாள். அன்றே டீச்சரின் முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறவில்லை. பரீட்சை முடிந்ததும் பலகையைக் கழற்றிவிட்டு, குறடும் சுவர்ப் பூச்சுமாக நின்றாள்.

"ஆணியப் பிடுங்கிப் பூசிடவாக்கா?"

"கைய வச்சுப் பாரு," என்றேன்.

ஐந்து பேருமே கணக்கில் தேறினார்கள். ஒரு பையனின் அம்மா எனக்கும் ஒரு தட்டுக் கேசரி கொண்டுவந்தார். ஒரு கூட்டல்கூடச் சொல்லித்தராத நான் அதை வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

இன்றைக்கும் என் ஒப்பந்தத்தில் முதல் விதி, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதுதான். அதற்குக் கீழே என் கையாலேயே இரண்டாவதை எழுதுகிறேன்: அஞ்சடியில் இருக்கும் நான்கு ஆணிகளை யாரும் பிடுங்கக்கூடாது.