விஞ்ஞானத்துக்கு வாங்கிக் கொடுத்த எறா

விஞ்ஞானத்தை ஏமாற்றப் பெரிய படிப்பு வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோவும் அரைக் கிலோ எறாவும் (இறால்தான், எங்கள் பக்கம் எறா) போதும். இரண்டுக்கும் எனக்கு வசதி இருந்தது. கெட்ட எண்ணம்தான் இல்லை. அது இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகவாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். நான் செய்தது வெறும் முட்டாள்தனம்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். ஏறுகிறவர்களை ஒரு தடவையாவது சிரிக்க வைக்காமல் இறக்கிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் அக்கா நேர் எதிர். எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி எறா பிடிக்கிறவள். பிடித்ததைப் போடும் ஓலைப் பைக்குப் பறி என்று பெயர். அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வாயைத் திறந்தால் பிழைப்பு தண்ணீரோடு போய்விடும். கரைக்கு வந்த பிறகும் அவள் வாயை அளந்துதான் திறப்பாள்.

ஆற்றில் ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல், ஒரு பக்கம் அதன் சுடுதண்ணீர். அதோடு பழகிவிட்டோம். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்தது. அக்காவின் கை முழங்கைவரை கறுத்து, பிறகு தோல் உரிந்தது. ஆற்றைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று கேட்டோம். வந்த அதிகாரிகள் எல்லாரும் ஆதாரம் எங்கே என்றார்கள். அக்கா கையை நீட்டினாள். கை ஆதாரம் ஆகாதாம். எறாவின் உடம்புக்குள் விஷம் இருந்தால்தான் ஆதாரமாம்.

அந்த ஆதாரத்தை எடுத்துக் கொடுக்க, ஊர்க் கூட்டம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவள், தேனிப் பக்கம். தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸோடு என் ஆட்டோவில்தான் ஏறினாள். நேராக அக்காவிடம் கூட்டிப் போனேன்.

அக்கா எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டாள். "எறா நல்லா கீதுன்னு நீ எழுதினா, ஆத்த எவனும் தொட மாட்டான். கெட்டுப்போச்சுன்னு எழுதினா, என் கூடைய எவளும் தொட மாட்டா. எப்டி எழுதினாலும் எனுக்குத்தான் ஆப்பு. தெரியுமா பாப்பா?"

"தெரியும்க்கா. அதான் உங்களக் கேட்டுட்டு எடுக்கலாம்னு வந்தேன்."

அக்கா உரிந்த கையைச் சொறிந்துகொண்டாள்.

"எட்த்துக்கோ. கை அரிக்கிறது எனுக்கு மட்டும் இல்ல."

குறித்த நாள் காலையில் அந்தப் பெண் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க முகத்துவாரத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டியை என்னிடம் கொடுத்து, "அண்ணா, அக்கா புடிச்சதும் எறாவ வாங்கி ஐஸ்ல வச்சிருங்க, வந்து எடுத்துக்கறேன்" என்றாள். நானும் ஆராய்ச்சியாளன் ஆகிவிட்டேன் என்று கரையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அக்காவும் கூட இருந்த பெண்களும் கரையேறினார்கள். அக்கா பறியைக் கவிழ்த்துக் காட்டினாள். சேறு மட்டும் விழுந்தது. மற்றவர்கள் பறியிலும் அதேதான். பறியை உதறிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பெண்ணை வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? எங்கள் பக்கம் வந்தவர்கள் கையில் ஒரு மீனாவது கொடுக்காமல் அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது. ஆட்டோவைக் கடல் மீன் வந்து இறங்கும் காசிமேட்டுத் துறைமுகத்துக்கு விட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வாங்குவதுபோல, கண்ணாடி மாதிரி இருந்த எறாவாகப் பொறுக்கினேன்.

மீன்காரம்மா கேட்டாள். "இன்னா மாமு, ஒண்ணொண்ணா பொறுக்கற? வூட்ல விருந்தா?"

"விஞ்ஞானத்துக்கு."

"அத்த துன்னவா போற, அம்மாம் பாத்துப் பாத்து எடுக்கற?"

அந்தம்மாவுக்கு இருந்த சந்தேகம்கூட எனக்கு வரவில்லை. ஆறு எங்கே போகிறது? கடலுக்கு. அப்படியானால் கடல் எறா ஆற்று எறாவுக்கு உறவுமுறைதானே. அந்தப் பெண் பெட்டியைத் திறந்து பார்த்து, "பரவால்லண்ணா, நல்லா வளர்ந்திருக்கே!" என்று ஆச்சரியப்பட்டபோது, நானே வளர்த்த மாதிரி தலையாட்டினேன்.

முடிவு வந்தது. எறாவில் ஒரு கோளாறும் இல்லை.

எங்கள் பகுதிக் கட்சி வட்டச் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனுஷன்தான். எறா விற்கும் பெண்கள் இனி பயமில்லாமல் விற்கலாம் என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பந்தல் போட்டு, டிவிக்காரர்கள் முன்னால் ஊரே உட்கார்ந்து ஆற்று எறா சாப்பிடுவது என்று முடிவானது. விளம்பரத்துக்கு என் ஆட்டோ, என் குரல். "வாங்க, வாங்க! நம்ம ஆத்து எறா, நோயில்லாத எறா! தகிரியமா வந்து துன்னுங்க!" என்று பதிவு செய்து கொடுத்தேன்.

கிளம்பும்போது அவர் என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "மாமு, அன்னிக்கு சமையலுக்கு எறா மட்டும் காசிமேட்ல வாங்கினு வந்துரு. எனுக்கு வவுறு ஒத்துக்காது."

அப்போதுதான் அவர் சொன்னதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஆனால் ஒலிபெருக்கியை நிறுத்தத் தோன்றவில்லை. ஊரெல்லாம் சுற்றி மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டும்போது, "தகிரியமா வந்து துன்னுங்க" என்று என் குரல் அவள் தலைமேல் கத்தியது.

அவள் எழுந்து ஆட்டோ முன்னால் வந்து நின்றாள்.

"டேய். அத்த நிறுத்து."

நிறுத்தினேன்.

"அன்னிக்கு எங்க ஒருத்தி பறிலயும் ஒண்ணும் வுழல. அந்தப் பொண்ணு எந்த எறாவ எட்த்துகினு போச்சு?"

"அது வந்துக்கா... எறாவுக்கு ஏது ஊரு, ஏது ரேஷன் கார்டு..."

அவள் சிரிக்கவில்லை. கையை மட்டும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தோல் புதிதாக வெடித்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று தலையைத் தயாராகக் குனிந்திருந்தேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "போன போடு" என்றாள்.

அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள்.

"கெடைக்கலன்னா கெடைக்கலன்னே எழுதியிருப்பேனேண்ணா. அந்தத் தண்ணியில ஒரு எறாகூட இல்லங்கறதும் ஆராய்ச்சிதான்" என்றாள். "நானும் கூட நின்னு எடுத்திருக்கணும். எங்க சார்கிட்ட சொல்லிக்கறேன். அந்த முடிவு செல்லாதுன்னு நானே எழுதிக் குடுத்துர்றேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

திரும்ப வந்தாள். பெட்டியை என் பக்கமே கொண்டுவரவில்லை. சுடிதாரோடு அக்கா பின்னால் சேற்றில் இறங்கினாள். அக்கா பறியைக் கடித்துக்கொண்டிருந்ததால் கையால் ஜாடை காட்டி எங்கே துழாவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வெகுநேரம் கழித்துச் சுண்டுவிரல் நீளத்தில் கொஞ்சம் எறா கிடைத்தது. அதைப் பெட்டியில் போடும் முன் அக்கா ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தாள். அவை என்ன சொன்னாலும் முதல் அடி தன் கூடைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். போட்டுவிட்டாள்.

இந்தத் தடவை எண்ணெய் இருந்தது, இன்னும் பெயர் வாயில் நுழையாத என்னென்னவோ இருந்தன. பந்தல் வீணாகவில்லை. சாப்பிட வாங்க என்று போட்ட பந்தலிலேயே, சாப்பிட முடியாமல் செய்துவிட்டார்கள் என்று வட்டச் செயலாளர் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு அழைத்த குரலும் என்னுடையதுதான். ஆற்றின் ஒரு கரையில் கறுத்த சேற்றை அள்ள ஆட்கள் வந்தார்கள். மறு கரைக்கு எப்போது வருவார்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மார்க்கெட்டில் அக்கா சொன்னது நடந்தது. பழகிய முகங்கள் அவள் கூடையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்தன. ஆற்றில் இறங்குவதை நிறுத்திவிட்டு, வாளை, சங்கரா என்று கிடைத்த கடல் மீனை வாங்கி வைத்து விற்றாள். நான் சவாரி இல்லாத நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். செய்ததற்கு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பழைய வாடிக்கைக்காரம்மா ஒருத்தி அதிசயமாக நின்று குனிந்து கேட்டாள். "இன்னாமே, எறா எதுனா கீதா?"

ரொம்ப நாள் கழித்து ஒருத்தி வந்து கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் நான் துள்ளி எழுந்தேன். "தோ, அஞ்சே நிமிசம்மா, இப்ப வந்துரும்!" என்று சொல்லி ஆட்டோ சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இல்லன்னா இல்லன்னு சொல்லுடா, கஸ்மாலம்."