ஓலை வாசிப்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் ஓலையை வாசிப்பதாக இருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கோயிலில் அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் ஓலை என்போம். யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. என் பெரியம்மா சொல்லத் தயாராக இருந்தாள்.

"அவன் பாட்டியப் பெத்த பூட்டியும் ஒன் பூட்டியும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சிளா. ஒரே பூசையில கலியாணம் முடிச்சவங்க. ரெண்டு பக்கமும் பொம்பளப் பிள்ளை வழியாவே வந்திருக்கு. அவன் ஒனக்கு அண்ணன் முறை. நான் எந்திச்சு நின்னு சொல்லத்தான் செய்வேன்."

சொன்னால் செய்வாள். கலியாணமே கட்டாமல் காலத்தைத் தள்ளிய கணக்கு டீச்சர். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். அவள் தலையசைக்காமல் எனக்குக் கலியாணம் இல்லை.

நான் கட்டப்போகிறவன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். பெரியம்மா சொன்னதை அன்று இரவே அவனிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் போனை எடுத்ததுமே, "சொல்லு தங்கச்சி" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இளிக்காத. கோயில் ரிஜிஸ்டரைப் பாத்துருவோம், வா" என்றேன்.

சாமியாருக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. "இங்க வாரவங்க எல்லாம் சொந்தமில்லன்னுதான் காட்டப் பாப்பாங்க."

"சொந்தம் இருக்கட்டும் ஃபாதர். முறைதான் மாறணும்" என்றேன்.

பக்கங்கள் பறக்குமென்று ஃபேனை நிறுத்திவிட்டார். வேர்த்து ஊற்றியது. பூச்சி தின்றது போக மீதியெல்லாம் லத்தீன். அந்தக் காலத்தில் ஊருக்கே நாலைந்து பெயர்கள்தான் போலும். பக்கத்துக்குப் பக்கம் என் பூட்டி யாரையாவது கலியாணம் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் சாமியாரும் சேர்ந்துகொண்டார். பூட்டனின் பெயரையும் ஊரையும் வைத்துத்தான் சரியான பூட்டியைப் பிடித்தோம்.

ஒரே தேதியில் அடுத்தடுத்து இரண்டு கலியாணங்கள். முதலாவது என் பூட்டியுடையது, இரண்டாவது அவன் பூட்டியுடையது. பெரியம்மா சொன்னது அப்படியே இருந்தது. நான் ரிஜிஸ்டரை மூடப் போனேன்.

"பெத்தவங்க பேரைப் பாரு" என்றான் அவன்.

என் பூட்டியைப் பெற்றவர்களின் பெயர்கள் இரண்டாவது கலியாணத்திலும் இருந்தன. ஆனால் மாப்பிள்ளைக்கு நேரே! பெண் மணப்பாட்டுக்காரி, வேறு வீட்டுப் பிள்ளை. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பூசையில் முடித்திருக்கிறார்கள். இரண்டு மணப்பெண்களை ஒன்றாகப் பார்த்த ஊர், அவர்களை அக்காள் தங்கையாக்கிவிட்டது. அவர்கள் நாத்தனாரும் மதினியும். அப்படியென்றால் இவன் எனக்கு அத்தை மகன் முறை.

"அத்தான்!" என்று கத்தினேன். வெளியே மணியடிக்க வந்தவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். தங்கச்சி தங்கச்சி என்றவன் என் போனைப் பிடுங்கி அந்தப் பக்கத்தைப் படமெடுத்தான். வீடுவரை ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனேன். உப்பு லாரிக்காரர் ஒருவர் தாளத்துக்கு ஹார்ன் அடித்தார்.

போனில் எடுத்த படத்தைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். என்னை நம்பாமல், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தானே கோடு போட்டு இறக்கிக்கொண்டு வந்தாள். பூட்டிகள், பாட்டிகள். பிறகு அம்மாமார்கள். அங்கே பென்சில் நின்றது.

"அப்பம் அவன் தாய்மாமனும் எனக்கு அண்ணன் முறை இல்ல" என்றாள்.

மனைவி தவறிய பிறகு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்ட்டே கதியென்று கிடக்கிற மனிதர் அவர். "அவருக்கென்ன பெரியம்மா?"

"எங்க ஓலைய வாசிக்கவே விடலளா எங்கம்மா. அண்ணன் முறைன்னு சொல்லி."

பாவமாக இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவரு வாராரான்னு கேட்டுச் சொல்லுளா."