புகைக்கூடத்தில் நான் திறந்த கதவு

பதினெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தேன். அரநாயக்கப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டார்கள். மரங்கள் பால் தரத் தொடங்கியதும் தோட்டத்தை நடத்தும் துரை என்னை ரப்பர் வேலைக்கு மாற்றினார். மூன்று மாதத்தில் பழக வேண்டும். இல்லையென்றால் வேலையோடு குவாட்டர்ஸும் போய்விடும். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் வரக்காப்பொலைச் சிங்களவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தோட்டத்துத் தமிழைச் சரளமாகப் பேசுவார், 'ஐயா' என்பதை மட்டும் சிங்களத்தில் 'மாத்தயா' என்பார். முதல் வாரம் நான் ரப்பர் பாலை முகர்ந்து பார்த்தபோது ஆட்கள் முன்னாலேயே சிரித்துவிட்டார்.

"மாத்தயா, இது தேத்தண்ணி இல்லீங்க. மூக்க வெளிய வெச்சிட்டு வாங்க."

அதன்பின் அவரிடம் எதையும் கேட்பதில்லை என்று இருந்துவிட்டேன். அவர் கையைப் பார்த்தே பழகினேன். அவரும் மெல்லக் கேலியை விட்டார். இரண்டாம் மாதம் பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கலக்க என்னை விட்டார். மூன்றாம் மாதம் ஒரு காலை, சீட்டுகளை உலர்த்தும், நான் அதுவரை வேலை பார்க்காத புகைக்கூடத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கேகாலைக்குப் போனார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தொங்கிய ரப்பர் சீட்டுகளைச் சுற்றிக் கண்ணை மறைக்கும் புகை. தேயிலையில் புகை பட்டால் அன்றைய தூள் முழுவதும் பாழ். யோசிக்கவே இல்லை. ஈர விறகை இழுத்துப் போட்டுக் காய்ந்த விறகை வைத்தேன். காற்றுக் கதவையும் திறந்தேன். புகை அகன்றது, தீ கொழுந்துவிட்டது. சற்று நேரத்தில் சீட்டுகள் இளகித் தீயில் சொட்டின, குப்பென்று பற்றியது. ஆட்களும் நானும் மண்ணை வாரிப் போட்டு அணைத்தோம். பாதிச் சீட்டு கருகிவிட்டது.

திரும்பி வந்தவர் கருகிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, அண்ணே."

"கேட்டா சிரிப்பீங்கன்னு…"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நேராகத் துரையிடம் போனார். புகைதான் சீட்டைக் காக்கும், தீ எழும்பக் கூடாது என்று சொல்லித்தராதது தன் தவறு என்றார். துரை மேலும் ஒரு மாதம் தந்தார்.

அந்த மாதம் முழுவதும் அவரைக் கேள்வியால் துளைத்தேன். "இதையே காலையிலயும் கேட்டீங்க," என்பார். ஆனாலும் பதில் சொல்வார். கடைசி நாள் துரை வந்தார். ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

"ஒண்ணும் சொல்லலேன்னா வேல இருக்குன்னு அர்த்தம், அண்ணே."

"நெசமாவா?" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து இன்னொரு தரமும் கேட்டேன்.